குள்ளர் வீடு

பழனி மலைத்தொடரின் கீழ்மலைச் சிற்றூர் ஒன்றில் நாம் இளங்குருவாகப் பணியேற்ற முதல் ஆண்டு. சிற்றாலயத்திற்குச் சுற்றுச்சுவர் எழுப்பக் கல் தேவைப்பட்டது. அருகிலிருந்த காப்பித் தோட்டத்தின் ஓரத்தில், கற்பலகைகளைச் சுவராக நிறுத்தி, மேலே பெருங்கல்லால் மூடிய சிறு அறைகள் இரண்டு இருந்தன. அவற்றைப் பெயர்த்து வரும்படி பணித்தோம். எவரும் அசையவில்லை.

"அது குள்ளர் வீடு சாமி. தொட்டால் குடும்பம் விளங்காது" என்றார் முதிய தாய் ஒருவர். நாள் தவறாமல் செபமாலை சொல்பவர் அவர். அடுத்த ஞாயிறு மறையுரையில் முதற்கட்டளையை விளக்கி, பெயர் குறிப்பிடாமல், ஆனால் ஊரே அறியும்படி அவரைக் கடிந்துகொண்டோம். தலை குனிந்து அமர்ந்திருந்தார்.

சில திங்கள் கழித்து அவருடைய பேரக்குழந்தை காய்ச்சலில் விழுந்தது. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று மந்திரித்துக் கயிறு கட்டி மூன்று நாள் காத்திருந்தனர். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது காலம் கடந்திருந்தது. அடக்கச் சடங்கு முடிந்தபின், "ஏனம்மா நம்மிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை?" என்று கேட்டோம். "கோயிலில் வைத்துத் திட்டுவீங்கன்னு பயந்துட்டோம் சாமி" என்றார்.

அச்சொல் இன்றும் நம் நெஞ்சில் தைத்திருக்கிறது.

பின்னரே அக்கற்களைப் பற்றி அறிந்தோம். செண்பகனூர் இயேசு சபைக் குரு ஆங்லாது, நியூட்டன் என்பவருடன் இணைந்து, இம்மலைகளின் கற்திட்டைகளை ஆராய்ந்து எழுதிய நூலை 1928இல் இந்தியத் தொல்லியல் துறை வெளியிட்டது. அவை குள்ளர் வாழ்ந்த வீடுகள் அல்ல. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தோர் தம் இறந்தோர்க்கு எழுப்பிய ஈமச் சின்னங்கள். நவம்பர் 2ஆம் நாள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றி மன்றாடும் நாமா ஒரு கல்லறையைப் பெயர்க்கச் சொன்னோம்!

கத்தோலிக்கம் வேரூன்றிய அயர்லாந்திலும் இத்தகைய நம்பிக்கைகள் உண்டு. பழங்கால வட்ட மண்மேடுகளில் மாய மாந்தர் குடியிருப்பதாக எண்ணி உழவர் அங்கே ஏர் பூட்டத் தயங்குவர். தனித்து நிற்கும் முட்செடியை வெட்டார். 1999இல் கிளேர் மாவட்டத்தில் அத்தகைய செடி ஒன்று புதிய சாலைக்காக அழிய இருந்தது. கதைசொல்லி எடி லெனிஹன் குரல் எழுப்பவே அது காக்கப்பட்டது. முன்னோர் வாழ்ந்த அந்த மண்மேடுகள் பல எஞ்சியிருப்பதற்கும் இவ்வச்சம் ஒரு காரணமே.

அன்பர்களே, ஒரு கல்லறையைக் காத்த அதே அச்சம், ஒரு குழந்தையைச் சாகவிட்டது. முன்னது மதிப்பாக வளரத்தக்கது. பின்னது களையப்பட வேண்டியது. களையைப் பறிக்கையில் கோதுமையும் பிடுங்கப்படலாம் என்று ஆண்டவர் உவமையில் எச்சரித்ததை, மறையுரை மேடையில் நின்ற நாம் மறந்திருந்தோம்.

அக்கற்கள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. மணிக்கட்டில் கயிற்றோடு எவரேனும் குழந்தையைத் தூக்கி வந்தால், கயிற்றைப் பற்றி நாம் முதலில் பேசுவதில்லை. காய்ச்சல் எத்தனை நாளாக என்றே கேட்கிறோம்.