பத்து லிட்டர் கணக்கு

மண்டபம் பக்கம் ஒரு பெட்ரோல் பங்கில் சில காலம் கணக்கு எழுதினேன். காலையில் முதல் வேலை, தரைக்கடியில் இருக்கும் டேங்கில் டிப் ராடு விடுவது. நனைந்த உயரத்தை அட்டவணைப்படி லிட்டராக்கி, முந்தின நாள் இருப்போடும் விற்பனையோடும் ஒத்துப்பார்ப்போம். கோலின் நுனியில் ஒரு பசையும் தடவுவோம். அடியில் தண்ணீர் இருந்தால் அது நிறம் மாறும்.

ஒரு கோடையில் டீசல் தினமும் பத்து லிட்டர் குறைந்தது. "வெயிலுக்கு ஆவியாயிருக்கும், எழுதிக்குங்க" என்றார் முதலாளி. பெட்ரோல்தான் அப்படி ஆவியாகும், டீசல் ஆகாது. தெரிந்தும் எழுதினேன்.

ஐப்பசி மழையில் பசை நிறம் மாறியது. உப்பு மணலில் கிடந்த இரும்பு டேங்க் அடியில் அரித்திருந்தது. டீசல் வெளியே போன ஓட்டை வழியாகவே, ஏறிவந்த நிலத்தடி நீர் உள்ளே வந்திருக்கிறது.

டேங்கை மாற்றினார்கள். பக்கத்து வீட்டுக் கிணற்றை என்ன செய்வது? நம் கரையில் நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீருக்கு மேல் பாலாடை மாதிரிதான் நிற்கிறது. அதிலும் டீசல் வாடை. அந்த வீட்டு அக்கா அதன்பின் குடத்தோடு தெருக்குழாய்க்கு நடந்தார்.

இப்போது டேங்குக்குள்ளேயே மானி வைத்து, அளவைத் திரையில் பார்க்கிறார்கள். நல்லதுதான். ஆனால் குறைந்தால் ஏன் என்று கேட்க ஆள் வேண்டும். அன்று நான் கேட்கவில்லை.