சமவெளியிலிருந்து ஜலோரிக்கு – 3: சைக்கிளில் மிச்சம் பிடித்து, நாட்களில் செலவழிப்பது

"சைக்கிள் எவ்வளவு ஆச்சு?" என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். குமணன்சாவடி டீக்கடையிலும் இதே கேள்வி, அலுவலகத்திலும் இதே கேள்வி. விலையைச் சொன்னால், "அந்தக் காசுக்கு ஒரு டூவீலரே வந்திருக்குமே" என்கிறார்கள். நியாயமான கவலைதான். இமாச்சல மலைகளில் நாள்கணக்கில் சைக்கிள் ஓட்டும் போட்டிக்குப் பூந்தமல்லியிலிருந்து ஒருவர் கிளம்ப என்னென்ன ஆகும் என்பதை யாராவது விவரமாகச் சொல்லியிருந்தால் எனக்குப் பேருதவியாக இருந்திருக்கும். அதனால் ரயில் ஏறுவதற்கு முன்னால், இந்தப் பகுதியை முழுக்க அந்தக் கணக்குக்கே வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டேஜ் ரேஸில் தினமும் ஒரு கட்டம் ஓட்ட வேண்டும். ஒவ்வொரு கட்டத்துக்கும் ஆன நேரத்தைக் கூட்டி, கடைசியில் யாருக்குக் குறைவோ அவர் வெல்வார். தார்ச்சாலையில் டூர் டி பிரான்ஸ் நடப்பது இப்படித்தான். அதையே கல்லும் சேறும் ஆற்றோடையுமான மலைத்தடத்தில் வைத்தால் மவுண்டன் பைக் ஸ்டேஜ் ரேஸ். உலகத்தில் இதற்குப் பெயர்பெற்றது தென்னாப்பிரிக்காவில் 2004 முதல் நடக்கும் கேப் எபிக். இருவர் இருவராக எட்டு நாள் ஓட்டுவார்கள், மொத்தம் 600 கிலோமீட்டருக்கு மேல், ஏற்றம் மட்டும் 15,000 மீட்டர் வரும். அதில் ஓர் அணி சேருவதற்கான கட்டணமே நம் பணத்தில் சில லட்சம். இந்தியாவில் இந்த விளையாட்டுக்கு வழி போட்டது 2005-இல் சிம்லாவை மையமாக வைத்துத் தொடங்கிய எம்டிபி ஹிமாலயா. லூதியானாவின் ஹீரோ சைக்கிள்ஸ் பெயரோடு பல ஆண்டுகள் நடந்த போட்டி அது. அதன் வீரர்கள் ஏறிப் பழகிய ஜலோரி கணவாய் 3,120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்தப் பாதைகளில் போகும் ஒரு போட்டிதான் என் இலக்கு. பூந்தமல்லியோ கடல் மட்டத்தை ஒட்டிய ஊர்.

முதலில் சைக்கிள். பின்பக்கமும் ஸ்பிரிங் வைத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டி இரண்டு லட்சத்துக்குக் கீழே கிடைப்பது அபூர்வம். இறக்குமதி வரியும் அதில் சேர்ந்திருக்கிறது. 2023 பட்ஜெட்டில் சைக்கிளுக்கான அந்த வரி 30 சதவீதத்திலிருந்து 35 ஆனது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாக இறங்கியது கொஞ்சம் ஆறுதல். நான் வாங்கியது முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்ட்டெயில், அலுமினிய ஃபிரேம், 29 அங்குலச் சக்கரம், ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக். ஒருவர் கொஞ்சம் ஓட்டிவிட்டு விற்றது. இந்தத் தரத்தில் புதிது என்றால் அறுபதாயிரத்திலிருந்து எண்பதாயிரம் வரை ஆகலாம். முதல் போட்டிக்குப் போகிறவருக்கு இதற்குமேல் தேவையில்லை என்று உறுதியாகச் சொல்வேன். கார்பன் ஃபிரேமில் குறையும் ஒரு கிலோவுக்குக் கொடுக்கும் பணத்தில், மலையில் எத்தனையோ வாரக் கடைசிகளைக் கழிக்கலாம். ஏறக் கற்றுத்தருவது அந்த வாரக் கடைசிகள்தான்.

நம் பக்கம் சைக்கிளுக்குப் புதிதல்ல. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1949-இல் தொடங்கியது. ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் இந்தப் பகுதியில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கின்றன. அந்தத் தலைமுறையின் கைத்திறன் இன்னும் சில கடைகளில் மிச்சமிருக்கிறது. கரையான்சாவடியில் ஒரு பெரியவர் என் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, இந்த டிஸ்க்கு கிஸ்க்கெல்லாம் எனக்குத் தெரியாது. ஆனா ரிம் கோட்டம் எடுக்கத் தெரியாம மலைக்குப் போகாதீங்க." பிறகு, வாடிக்கையாளர் இல்லாத மத்தியான நேரங்களில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்து எந்தக் கம்பியைக் கால் திருகு இறுக்க வேண்டும், எதிர்ப்பக்கத்தை எவ்வளவு தளர்த்த வேண்டும் என்பதெல்லாம் கையில் ஏறியது அவரால்தான். காசு வாங்கவில்லை. பாறையில் மோதிச் சக்கரம் நெளிந்தால், போட்டிப் பாதையில் எந்தக் கடையும் இருக்காது.

பெரிய விலை ஒருமுறையோடு போய்விடும். சின்னச் சின்னதாகக் கரைவது தேய்மானம். ஏரி ஓரங்களிலெல்லாம் சீமைக் கருவேலம் உதிர்த்த முள், டியூபை வைத்துக்கொண்டு ஓட்டினால் தினமும் பஞ்சர்தான். அதனால் டியூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றும் சீலன்ட்டும் கட்டாயம். முள் குத்தியதும் சீலன்ட் அந்த ஓட்டைக்குப் போய் உறைந்து அடைத்துவிடும். சென்னை வெயிலில் அது சீக்கிரம் காய்ந்துபோகும், ஆகவே சில மாதத்துக்கு ஒருமுறை புதிதாக ஊற்ற வேண்டும். நல்ல டயர் ஒரு ஜோடி ஆறாயிரம் ஏழாயிரம். செயின், பிரேக் பேட், கியர் ஒயர் எல்லாம் போட்டிக்கு முன் புதிதாக மாற்றியாக வேண்டும். மழையும் சேறும் பட்டால் ரெசின் பேட் ஒரே நாளில் தேய்ந்துபோகும். மலைக்கு உலோகத்தூள் கலந்த பேட்தான் சரி. இன்னொரு சாமானை யாரும் முதலில் நினைப்பதில்லை, டெரெய்லர் ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோடு பிணைக்கும் சின்ன அலுமினியத் துண்டு அது. ஃபிரேம் உடையாமல் இருக்கத் தான் உடையும்படி செய்யப்பட்டது. மாடலுக்கு மாடல் வடிவம் வேறு, அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் கிடைக்காது. சில நூறு ரூபாய் கொடுத்து இரண்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டால், அந்த ஒரு துண்டு இல்லாமல் போட்டியை விட்டு விலகும் நிலை வராது.

இனி பயிற்சி. பூந்தமல்லியில் மலை ஏது? இருப்பது காற்று. மாலை நான்கு மணி வாக்கில் கடற்காற்று மேற்கே உள்ளே வந்துவிடும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போய்விட்டு கிழக்கே திரும்பினால் அது முகத்தில் அறையும். கனமான கியரைப் போட்டு, நிமிடத்துக்கு ஐம்பது அறுபது மிதி என்ற மெதுவான சுற்றில் அந்தக் காற்றுக்கு எதிராக ஓட்டுவது தொடைக்கு ஏற்றம் போலவே வேலை கொடுக்கும். விடிகாலையில் வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலையின் சர்வீஸ் ரோடு. நசரத்பேட்டையில் ஏறி, நிற்காமல் இறங்காமல் மணிக்கணக்கில் ஒரே சீராக ஓட்ட இந்த வட்டாரத்தில் அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. டிரங்க் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே ஓட்டுவது பயிற்சியாகாது, உயிரோடு விளையாட்டு. கரடுமுரடுக்குச் செம்பரம்பாக்கம் ஏரியைச் சுற்றியுள்ள கிராமத்து மண்தடங்கள் போதும். டயரில் காற்றைக் குறைத்து, பிரேக்கில் ஒரே விரல் வைத்து, இருக்கையிலிருந்து எழும்பி, முழங்கையை மடக்கிக் குழிகளைத் தாங்குவதை அங்கேதான் உடம்பு கற்றுக்கொண்டது.

ஆனால் வாரநாள் பயிற்சியெல்லாம் அடித்தளம் மட்டுமே. ஒருநாள் பந்தயத்தில் இருக்கும் பலத்தையெல்லாம் இறக்கிவிடலாம், மறுநாள் படுத்துக்கொள்ளலாம். ஸ்டேஜ் ரேஸில் மூன்றாம் நாள் காலை, வலிக்கும் காலோடு மறுபடி சீட்டில் உட்கார வேண்டும். அந்த மூன்றாம் நாளுக்குப் பழகத்தான் ஏலகிரி.

சென்ட்ரலிலிருந்து சாயங்காலம் புறப்படும் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ராத்திரி ஜோலார்பேட்டையில் விட்டுவிடும். சக்கரங்களைக் கழற்றி உறையில் கட்டிய சைக்கிளைப் பார்த்து ஒரு பாட்டி, "என்னப்பா இது, தறியா?" என்று கேட்டார். அந்த இரவு ஜோலார்பேட்டையில் தங்கி, விடிவதற்குள் பொன்னேரி அடிவாரத்துக்குப் போய்விட்டால் வெயிலுக்கு முன்னே ஏறலாம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள். கடையெழு வள்ளல்கள், புலவர்கள் பெயர்களை அவற்றுக்கு வைத்திருக்கிறார்கள். மூச்சு முட்டும்போது அடுத்த வளைவில் பாரியா கபிலரா என்று தேடுவதே ஒரு துணை. ஏறத்தாழ 700 மீட்டர் உயரம் ஏறி அத்தனாவூர் போய்ச் சேர்ந்தால் குளிர்ந்த காற்று வியர்வையைச் சில்லிட வைக்கும். இமயத்தில் ஒரே நாள் கட்டத்தில் 2,000 மீட்டர் ஏற்றம் சாதாரணம். அதாவது ஏலகிரியை மூன்று முறை. எனவே இறங்கி மறுபடி ஏற வேண்டும், பிறகு இன்னொரு தடவையும்.

அத்தனாவூரில் டீக்கடை அக்கா இரண்டாம் முறை பார்த்ததும், "மறுபடியுமா? எதை விட்டுட்டுப் போனீங்க?" என்றார். போட்டி விஷயத்தைச் சொன்னேன். மூன்றாம் முறை போனபோது, கேட்காமலே சோற்றில் தயிர் ஊற்றி உப்பு தூக்கலாகப் போட்டுப் பிசைந்து வைத்திருந்தார். "இவ்வளவு வேர்க்குதே, உப்பு போகாதா தம்பி?" அவர் சொன்னது சரி. மறுநாள் காலையும் அதே மலை. நிலாவூர்ப் பக்கம் வயல்களுக்கு நடுவே போகும் மண்தடங்களில் ஓட்டிவிட்டு, களைத்த காலோடு பெரிய ஏற்றம். அடுத்தடுத்த நாட்களில் இப்படி ஓட்டும்போதுதான் எந்தக் காலணி உரசுகிறது, எந்த நிக்கர் தொடையைப் புண்ணாக்குகிறது, சீட் எவ்வளவு தணிய வேண்டும் என்பதெல்லாம் தெரியவரும். ரயில், அறை, சாப்பாடு சேர்த்து ஒரு வாரக் கடைசிக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். என் செலவிலேயே மிகவும் பலன் கொடுத்தது இதுதான்.

இங்கே ஓர் ஆதங்கத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜவ்வாது மலை, கல்வராயன், கொல்லிமலை என்று நம்மிடம் மலைக்குப் பஞ்சமில்லை. 2008-இல் தொடங்கிய டூர் ஆஃப் நீலகிரிஸ் சாலைச் சைக்கிள்காரர்களைக் கல்லட்டி ஏற்றம் வரை கூட்டிவந்தது. 2023 அக்டோபரில் ஆசிய மவுண்டன் பைக் சாம்பியன்ஷிப்பே பக்கத்து மாநிலத்தில், திருவனந்தபுரத்துக்கு அருகே பொன்முடியில் நடந்தது. வனத்துறை அனுமதியோடு, யானை வழித்தடங்களைத் தொடாமல், ஜவ்வாது மலையில் ஒரு மூன்று நாள் ஸ்டேஜ் ரேஸ் வைத்தால் ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் பையன்களும் பெண்களும் ஒரு ராத்திரிப் பஸ்ஸில் போய்ச் சேர்ந்துவிடுவார்கள். இமாச்சலம் போகும் செலவில் நாலில் ஒரு பங்குகூட ஆகாது. திறமையுள்ள பிள்ளைகள் பலர் ரயில் டிக்கெட்டோடு நின்றுபோவது எனக்குப் பொறுக்கவில்லை.

சாப்பாட்டுக்கு வருவோம். உடம்பு மாவுச்சத்தாகச் சேர்த்து வைத்திருப்பது ஏறக்குறைய 2,000 கலோரிதான். ஐந்து மணி நேர மலையோட்டம் அதைத் தாண்டிவிடும். அதனால் ஓட்டும்போதே மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்தாவது உள்ளே போக வேண்டும். வெளிநாட்டு ஜெல் ஒன்று நூறு ரூபாய்க்கு மேல், அதில் இருப்பது சுமார் 25 கிராம். ஒரு நடுத்தர வாழைப்பழத்திலும் கிட்டத்தட்ட அவ்வளவு உண்டு. பயிற்சி முழுக்க வாழைப்பழம், கடலை மிட்டாய், பேரீச்சை, உப்புப் போட்ட மோர், மருந்துக்கடை ஓஆர்எஸ் இவற்றிலேயே ஓடியது. ஆனால் உயரத்தில் மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாது, அந்த நேரத்துக்காகச் சில ஜெல்கள் வைத்திருக்கிறேன். அவற்றையும் முன்கூட்டியே வயிற்றுக்குப் பழக்கிக்கொள்வது நல்லது.

எவ்வளவு மிதித்தாலும் பூந்தமல்லியில் பழக முடியாத ஒன்று உயரம். 3,000 மீட்டரில் காற்றழுத்தம் இங்கே இருப்பதில் ஏறக்குறைய எழுபது சதவீதம். மூச்சில் வரும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். சென்னை வெயிலில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இரத்தத்தில் பிளாஸ்மா கூடும், அது ஒரு பலம். ஆனாலும் உயரத்துக்கு உடம்பு இணங்க நாட்கள் வேண்டும். சிம்லா 2,200 மீட்டர். போட்டிக்கு ஐந்து நாள் முன்பே போய் அங்கே தங்கி, மெதுவாக ஓட்டி, நன்றாகத் தூங்குவது என்று முடிவு செய்திருக்கிறேன். எளிய அறையும் சாப்பாடும் நாளொன்றுக்கு ஆயிரத்து ஐந்நூறுக்குக் குறையாது. ஃபுல் சஸ்பென்ஷன் வாங்காமல் மிச்சம் பிடித்த பணம் இங்கேதான் போகிறது, மனநிறைவோடு கொடுக்கிறேன். போட்டிக் கட்டணம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். கூடாரம், சாப்பாடு, மருத்துவ உதவி, பைகளைச் சுமக்கும் வண்டி இவற்றில் எதெல்லாம் அதில் அடக்கம் என்று அறிவிப்பை வரிவரியாகப் படித்துவிட்டே கட்ட வேண்டும். மருத்துவச் சான்றிதழும் சாகச விளையாட்டைச் சேர்த்துக்கொள்ளும் காப்பீடும் எடுத்தாகிவிட்டது. சாதாரணப் பாலிசிகள் சில, பந்தயத்தில் பட்ட காயத்தை ஏற்பதில்லை.

ரூபாயில் சொல்ல முடியாத செலவும் உண்டு. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சாலையில் போயின. வீட்டில் அம்மாவின் மருத்துவமனைத் தேதிகளையும் மகளின் பள்ளிக்கூட நாட்களையும் மனைவி தனியாகச் சமாளித்தாள். "ஒரு வருஷம் ஓட்டிக்கோங்க. அடுத்த வருஷ ஞாயிற்றுக்கிழமை எல்லாம் எனக்கு" என்று சொல்லியிருக்கிறாள். எழுத்தில் பதிவாகட்டும், சம்மதித்திருக்கிறேன்.

கடைசி இரண்டு வாரம் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டு, சைக்கிளைப் பெட்டியில் கட்டும் வேலையில் இறங்கினேன். சைக்கிள் கடையில் கேட்டால் பெரிய அட்டைப்பெட்டி தருவார்கள். பெடலைக் கழற்றும்போது இடப்பக்கப் பெடலுக்குத் திருகு எதிர்த்திசை என்பதை மறக்கக் கூடாது. சக்கரம் கழன்ற நிலையில் பிரேக் பிடி தவறிக்கூட அமுங்காதபடி, பேடுகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் தகடு செருக வேண்டும். டிஸ்க்கைத் தனியாகக் கழற்றித் துணியில் சுற்ற வேண்டும், நெளிந்தால் நிமிர்த்துவது கஷ்டம். ஹேங்கர் நெளியாமல் இருக்க பின் கியரை அவிழ்த்து ஃபிரேமுக்குள் கட்டிவிட வேண்டும். சீலன்ட் பாட்டிலைத் துணிகளுக்கு நடுவே வைக்காதீர்கள்.

பெட்டி சென்ட்ரல் பார்சல் ஆபீஸில் எடை போட்டாகிவிட்டது. தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் இரவு பத்து மணிக்கு. டெல்லியில் பெட்டியை எடுத்துக்கொண்டு கால்கா, அங்கிருந்து மலை. 1903-இல் ஓடத் தொடங்கிய சிம்லா சிறிய ரயிலில் இவ்வளவு பெரிய பெட்டியை ஏற்ற விடுவார்களா, பஸ்தான் கதியா என்பதைக் கால்கா போய் அடுத்த பகுதியில் எழுதுகிறேன்.

(தொடரும்)