மலையும் மைலயும்

என் மகன் இரண்டாம் வகுப்பில் வாங்கிய ‘ஏ’ கிரேடு உண்மையில் என்னுடையது. கொரோனா காலம், செல்போனில்தான் வகுப்பு. கேமராவில் விழாதபடி பக்கத்தில் உட்கார்ந்து பதிலைக் காதோடு சொன்னது நான். ஒர்க்‌ஷீட் எழுதியதும் நான்தான். குழந்தையின் எழுத்துபோலக் கோணலாக இருக்க வேண்டுமே என்று இடது கையால் எழுதுவேன். மிஸ் வாட்ஸ்அப்பில் நட்சத்திரம் அனுப்புவார். அதை நாத்தனாருக்கு ஃபார்வர்டு செய்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன்.

2021-ல் கணவர் வேலை பார்த்த கடையை மூடிவிட்டார்கள். ஃபீஸ் கட்ட வழியில்லை. புதுக்கோட்டை டவுனில் இருந்த அந்த இங்கிலீஷ் மீடியத்தை விட்டு, எங்கள் ஊர் அரசுத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தோம். நவம்பர் 1-ஆம் தேதி பள்ளி திறந்தது. ஒரு வாரம் போயிருக்கும். தமிழ்ப் புத்தகத்தை வாசிக்கச் சொன்னேன். கடகடவென்று வாசித்தான். தாள் ஒட்டிக்கொண்டு இரண்டு பக்கம் சேர்ந்தாற்போலப் புரண்டுவிட்டது. அவன் நிறுத்தவில்லை. கண் புதுப் பக்கத்தில், வாயில் பழைய பாட்டு.

ஒரு சொல்லின் மேல் விரலை வைத்து, இது என்ன என்றேன். ‘மலை’ என்று இருந்தது. எச்சில் விழுங்கிவிட்டு “மைல” என்றான். முதுகில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

மறுநாள் காலை பள்ளிக்குப் போய்ச் சண்டை போட்டேன். ஐந்து வகுப்புக்கும் சேர்த்து இரண்டே டீச்சர். நான் கத்தி முடிக்கும்வரை அவன் வகுப்பு டீச்சர் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “இங்க சேர்ந்து ஏழு நாள் ஆகுதும்மா. அதுக்கு முன்னாடி ஒன்றரை வருஷம் உங்ககிட்டதானே இருந்தான்?” என்று மட்டும் கேட்டார். குரல்கூட உயரவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்கு அந்த இடது கைதான் ஞாபகம்.

கொரோனாவில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட, அக்டோபர் கடைசியில் மரக்காணம் அருகே அரசு தொடங்கிவைத்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்கு எங்கள் பக்கமும் தன்னார்வலர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். இருபது பிள்ளைகள், தினமும் மாலை ஒன்றரை மணி நேரம், மாதம் ஆயிரம் ரூபாய். சேவை மனப்பான்மை என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். என் பிள்ளையையும் சேர்த்து உட்கார வைக்கலாம், ஆயிரம் ரூபாய் மளிகைக்கு ஆகும் என்றுதான் பெயர் கொடுத்தேன். பயிற்சியில் பாட்டு, விளையாட்டு, கதை என்று சொல்லிக்கொடுத்தார்கள். எங்கள் திண்ணையில் நான் செய்தது வேறு. ‘அ’-வைப் பத்து முறை எழுது, ‘ஆ’-வைப் பத்து முறை எழுது. இரண்டு வாரத்தில் பாதிப் பிள்ளைகள் வரவில்லை. என் மகன் தினமும் சரியாக ஐந்து மணிக்கு வயிற்றுவலி என்பான்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தது. திண்ணை ஓரம் வெற்றிலை மென்றுகொண்டே ஒரு மாலை முழுக்கப் பார்த்துவிட்டு, “ஏண்டி, இதுகளுக்கு அணிலும் ஆடும் தெரியாதா? எங்களுக்கு மொதப் பாடமே பட்டா, படின்னுதான் போட்டிருந்துச்சு” என்றது.

எனக்குச் சுருக்கென்றது. 1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கக் கற்றுத்தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது அம்மா ராத்திரி வகுப்புக்குப் போனது. பகலெல்லாம் நாற்று நட்ட கையில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு போகும். எனக்கு எட்டு வயது. என் கூட்டாளிகள் பார்த்துவிடக் கூடாதே என்று ஒளிந்துகொள்வேன். பெண்கள் கூட்டம் கூட்டமாகச் சைக்கிள் ஓட்டப் பழகியபோது அம்மாவும் பழகி முழங்காலைப் பேர்த்துக்கொண்டது. அதையும் கேலி செய்திருக்கிறேன். பட்டா என்ற சொல் ஏன் முதலில் வந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

அன்று இரவு மகனின் புத்தகத்தில் ஒரு பக்கத்தை எடுத்து எண்ணிப் பார்த்தேன். மணிமணியாக ஒப்பிக்கிறானே, அந்தப் பன்னிரண்டு உயிரெழுத்தும் வரிக்கு ஒன்றோ இரண்டோதான் வருகின்றன, அதுவும் சொல்லின் முதலில். மற்றதெல்லாம் உயிர்மெய்யும் புள்ளி வைத்த மெய்யும்தான். க, ட, ப, ம நான்கும் புள்ளியும் தெரிந்தால் போதும்: படம், பட்டம், பக்கம், கட்டம். மறுநாள் இந்த நான்கோடு தொடங்கினேன். ‘பட்டம்’ வாசித்த பையனைப் பட்டம் விடவும் அனுப்பினேன். அடுத்த நாள் அவனே இரண்டு பேரைக் கூட்டி வந்தான்.

‘மைல’வும் அப்போதுதான் விளங்கியது. ‘மலை’யை எழுதும்போது ஐகாரக் குறி ல-வுக்கு முன்னால் நிற்கிறது. வாயிலோ அது ல-வுக்குப் பின்னால்தான் வருகிறது. இடமிருந்து வலமாக ஒழுங்காகப் படிக்கும் குழந்தை, ம-வை அடுத்து அந்தக் குறியைப் பார்த்ததும் அதை ம-வோடு சேர்த்துவிடுகிறது. என் மகன் கண்ணில் பட்ட வரிசையில்தான் படித்திருக்கிறான், நான் அடித்திருக்கிறேன். ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு எல்லாவற்றிலும் இதே தொல்லை. ‘கொ’ என்றால் எழுத்துக்கு இரண்டு பக்கமும் காவல். (1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய துதிக்கை வைத்த ‘லை’ ஒரே வடிவமாக இருந்ததே, அது இவனுக்கு எளிதாக இருந்திருக்குமோ என்று சில சமயம் தோன்றும்.) குறியையும் எழுத்தையும் ஒரே அட்டையில் சேர்த்து எழுதி, பிரிக்காமல் காட்டினேன். மூன்று வாரத்தில் மலை மலையாயிற்று.

அதற்குப் பிறகு எனக்குப் பைத்தியம் பிடித்தது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளின் தப்பையெல்லாம் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன். யார், எந்தச் சொல், என்னவென்று படித்தார்கள். ரகரத்தைத் துணைக்கால் என்று நினைப்பவள் ஒருத்தி. மூன்று சுழி ‘ண’-வில் இரண்டை மட்டும் போட்டுவிட்டு ஓடுபவன் ஒருத்தன். சமையல் தீய்ந்தது, வீட்டில் வசவு விழுந்தது. சண்டை போட்ட டீச்சரிடமே போய் நின்றேன். அவர் கல்வியாளர் ஜிஜுபாய் பதேகாவின் ‘பகல் கனவு’ நூலைக் கொடுத்தார். அதில் வரும் ஆசிரியரும் முதல் நாள் திட்டமிட்டுப் போனது ஒன்றும் நடக்காமல் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். அதைப் படித்ததும் எனக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. 2022-ல் பள்ளி மேலாண்மைக் குழுவைப் புதிதாக அமைத்தார்கள். இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர். நானும் ஒருத்தி. கையெழுத்துப் போட்டு டீ குடிக்கும் வேலை என்று நினைத்துத்தான் போனேன். முதல் கூட்டத்திலேயே புத்தக பீரோவின் சாவி எங்கே என்று கேட்டுவிட்டேன்.

ஆயிரம் ரூபாய் நின்ற பிறகும் திண்ணையில் பிள்ளைகள் உட்காருகிறார்கள். என் மகன் பெரிய வாசகன் ஒன்றும் ஆகிவிடவில்லை. கிரிக்கெட் செய்தி மட்டும் படிப்பான். ஒரு நாள் அவனிடம் அந்த அடியைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “எந்த அடி?” என்றான். எத்தனையோ இருந்திருக்கும்போல.

இப்போது நோட்டில் கடைசிப் பெயர் ஒரு நான்காம் வகுப்புப் பெண்ணுடையது. ஓர் எழுத்துகூடத் தப்பில்லாமல் வாசிக்கிறாள். முடித்ததும் என்ன படித்தாய் என்று கேட்டால் விழிக்கிறாள். கடைசிச் சொல்லை எழுத்துக்கூட்டி முடிப்பதற்குள் முதல் சொல் நழுவிவிடுகிறது என்று நினைக்கிறேன். நேற்று அவள் தம்பிக்கு அவளையே கதை படித்துக்காட்டச் சொன்னேன். தம்பி பாதியில் எழுந்து போய்விட்டான். நாளைக்கு, அவள் பாட்டி அவளுக்குச் சொன்ன கதையை அவள் வாயால் கேட்டு அப்படியே எழுதி, அதை வாசிக்கக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.