கை பொறுக்கும் சூடு

டென்வர் நகரிலிருந்து மேற்கே செல்லும் 70-ஆம் எண் நெடுஞ்சாலை ராக்கி மலைத்தொடரை ஒரு சுரங்கத்தின் வழியாகக் கடக்கிறது. ஐசனோவரின் பெயரால் அறியப்படும் அந்தச் சுரங்கம் 1973-இல் திறக்கப்பட்டது. கிழக்கு நோக்கி வருபவர்களுக்கான இரண்டாவது குகை 1979-இல் வந்தது. கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கும் மேலே இருக்கிறது. மேற்குப்புறத்தில் சில்வர்தோர்ன் என்னும் சிற்றூரிலிருந்து சுரங்கத்தின் வாய்வரை ஏறக்குறைய 8 மைல், கிட்டத்தட்ட 7 சதவீத ஏற்றம். சுமை இழுக்கும் வண்டிகளுக்கு இது ஒரு பரீட்சை மேடை என்று இங்கே சொல்வார்கள். எனக்கு அப்போது அது தெரியாது.

2022 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த ஏற்றத்தில் என் டீசல் பிக்கப்பை ஓட்டிக்கொண்டு வந்தேன். 2001-ஆம் ஆண்டு வண்டி. முந்தைய வருடம்தான் வாங்கியிருந்தேன். பின்னால் 7,000 பவுண்டு எடையுள்ள முகாம் வண்டி. பின்னிருக்கையில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். ஐந்தாவது கியரிலேயே, மிதியைத் தரையோடு அழுத்தியபடி ஏறினேன். கண்ணாடியில் பார்த்தபோது பின்னால் கரும்புகை நீண்டு கிடந்தது. ஆனால் டாஷ்போர்டில் வெப்பமானியின் முள் நடுவில் அசையாமல் நின்றது. எண்ணெய் அழுத்தத்தின் முள்ளும் நடுவில். இருபது வயதைக் கடந்த வண்டி இப்படி இழுக்கிறதே என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னேன். முப்பது வருடம் சரக்கு லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். அதிகம் பேசமாட்டார். பைரோமீட்டர் இல்லாமலா ஏறினாய் என்று மட்டும் கேட்டார். பிறகு என் வண்டியின் முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அதிர்ஷ்டம் என்றார்.

டீசல் இன்ஜினைப் பற்றி நான் அறிந்துகொண்டதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகுதான். பெட்ரோல் இன்ஜினில் நாம் மிதியை அழுத்தும்போது காற்றைத்தான் அதிகமாக உள்ளே விடுகிறோம். எரிபொருள் அதற்கேற்ப அளந்து கலக்கப்படுகிறது. டீசலில் காற்றுக்குத் தடை ஏதும் இல்லை. மிதி எரிபொருளைத்தான் கூட்டுகிறது. கூட்டக்கூட வெப்பம் ஏறும். எரிக்கப் போதிய காற்று இல்லாவிட்டால் மிச்சம் புகையாகும், வெளியேறும் வாயுவின் சூடு கட்டுமீறும். 11,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். டர்போ அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும், முழுவதுமாக அல்ல. என் கண்ணாடியில் தெரிந்த கரும்புகை இன்ஜினின் வீரத்தைக் காட்டியதல்ல, மூச்சுத் திணறலைக் காட்டியது.

சுமையோடு ஏறும்போது வெளியேறும் வாயுவின் வெப்பத்தை 1,250 அல்லது 1,300 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இந்த வண்டிக்காரர்கள் கைக்கொள்ளும் கணக்கு. செல்சியஸில் சுமார் 700. தூய அலுமினியம் உருகுவது 660 டிகிரியில். பிஸ்டனோ அலுமினியக் கலவையால் ஆனது. அடியிலிருந்து எண்ணெய் பீய்ச்சிக் குளிர்விப்பதாலும், தீ அதன் தலையில் கணநேரமே நிற்பதாலும்தான் அது பிழைத்திருக்கிறது. அந்தக் கணக்கு தவறினால் பிஸ்டனின் தலை இளகத் தொடங்கும்.

அப்படியானால் நடுவில் நின்ற அந்த முள்? அது இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் வெப்பத்தைச் சொல்வது. அவ்வளவு இரும்பும் தண்ணீரும் சூடேறி அது நகர்வதற்குள் உள்ளே நடக்க வேண்டியது நடந்து முடிந்திருக்கும். அதைவிட எனக்கு வியப்பளித்தது வேறொன்று. பல வண்டிகளில் அந்த முள் வேண்டுமென்றே நடுவில் நிற்கும்படி அமைக்கப்படுகிறது. ஒரு குறிப்பிட்ட வெப்பத்திலிருந்து இன்னொரு வெப்பம்வரை, இடையில் எது நேர்ந்தாலும் முள் அசையாது. சில வண்டிகளின் எண்ணெய் அழுத்தமானிக்குப் பின்னால் இருப்பது வெறும் சுவிட்சுதான். அழுத்தம் ஓரளவுக்கு மேல் இருந்தால் முள் நடுவில், இல்லையென்றால் கீழே. முள் சற்று அசைந்தாலும் வாடிக்கையாளர்கள் பயந்துபோய்ப் பட்டறைக்கு வந்துவிடுகிறார்களாம். அவர்களை வீணாகக் கலவரப்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணம்.

என் அப்பாவுக்கு மானிகள் தேவைப்பட்டதில்லை. திருக்கோவிலூர்ப் பக்கத்தில் எங்கள் கிணற்றுக்கு மின்சாரம் வருவதற்கு முன்பு ஒரு கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின் இருந்தது. ஹேண்டில் போட்டுச் சுற்றி, கனத்த சக்கரம் வேகம் பிடித்ததும் கையிலிருந்ததை விட, அது முதலில் ஒருமுறை இருமி, பிறகு ஊர் முழுக்கக் கேட்கும்படி அடிக்கத் தொடங்கும். பம்பு இறைக்கும் தண்ணீரிலேயே ஒரு சிறு பங்கு இன்ஜினுக்குள் போய்ச் சுற்றி, ஒரு மெல்லிய குழாய் வழியாக வெளியே வாய்க்காலில் விழும். அப்பா கரும்புக்குத் தண்ணீர் திருப்பிவிட்டு வரும்போதெல்லாம் குனிந்து அந்தத் தண்ணீரில் கையை நீட்டுவார். கை பொறுக்கும் சூடாக இருந்தால் சரி. பொறுக்காவிட்டால் எங்கோ அடைப்பு, உடனே நிறுத்திவிடுவார். எனக்கு ஏழெட்டு வயதிருக்கும். நானும் கையை நீட்டி, சுட்டுக்கொண்டதுபோல இழுத்துக்கொள்வேன். "பொறுக்குதா?" என்று கேட்பார். பொறுக்கும். பொறுக்காது. இரண்டே அளவுகள்தான் அந்த மானியில். ஆனால் அது பொய் சொன்னதில்லை.

இதையெல்லாம் அந்த ஆகஸ்டில் நினைக்கவேண்டி வந்ததற்குக் காரணம் உண்டு. அக்கா ஒருநாள் வேளை கெட்ட வேளையில் அழைத்தாள். அப்பாவின் வலது காலில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள் என்றாள். மே மாதம், கத்திரி வெயிலில், உச்சிக்கால பூஜைக்குப் போயிருக்கிறார். பிரகாரத்தின் கருங்கல்லில் வெறுங்காலோடு மூன்று சுற்று. மற்றவர்கள் சாக்கு விரித்த பாதையில் குதித்துக் குதித்துப் போக, இவர் நிதானமாக நடந்தாராம். பார்த்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது அம்மாதான் கொப்புளங்களைக் கண்டிருக்கிறாள். சர்க்கரை நோய் அவருடைய பாதங்களின் உணர்வை எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. எந்தத் தண்ணீர் பொறுக்கும், எது பொறுக்காது என்று சொல்லத் தெரிந்த மனிதருக்குக் கல் சுடுவது தெரியவில்லை. கொப்புளம் புண்ணாகி, புண் ஆறாமல் மூன்று மாதம் ஓடியிருக்கிறது.

அந்த மூன்று மாதமும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் அவரோடு பேசியிருக்கிறேன். சுரங்கத்தை நோக்கி ஏறிய அந்த ஞாயிறன்று காலையிலும் பேசினேன். "எப்படிப்பா இருக்கீங்க?" "நல்லாத்தான் இருக்கேன். மழை இல்ல. நீ புள்ளைய பாத்துக்க." பத்து வருடங்களாக அதே குரல், அதே பதில்.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று அக்காவிடம் கத்தினேன். "சொன்னா நீ அங்கேருந்து என்னடா பண்ணுவே? தூக்கம்தான் கெடும்," என்றாள்.

மானிகள் செப்டம்பரில் வந்தன. இரண்டே வாங்கினேன்: ஒன்று பைரோமீட்டர், மற்றொன்று டர்போ தள்ளும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் பூஸ்ட் மானி. கண்ணாடியோரத் தூணில் நான்கைந்து மானிகளை அடுக்கி நீல விளக்குப் போட்டுக் கல்யாண மண்டப வாசலைப்போல் ஆக்கிக்கொள்பவர்களும் இங்கே உண்டு. ஓட்டும்போது இத்தனையையும் பார்ப்பவன் சாலையை எப்போது பார்ப்பான் என்பது என் ஐயம். இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2007-க்குப் பிறகு இங்கே புகைவடிகட்டியோடு வந்த டீசல் வண்டிகளில் இந்த வெப்பத்தை உணரும் கருவி தொழிற்சாலையிலேயே வைக்கப்பட்டது. ஆனால் அது கணினிக்குத்தான் தகவல் சொல்லும். ஓட்டுநருக்கு அதைச் சொல்லும் முள் பெரும்பாலும் இருப்பதில்லை.

பூஸ்ட் மானி எளிது. காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டில் ஒரு துளை ஏற்கெனவே மூடிபோட்டு இருந்தது. அதைக் கழற்றி, மெல்லிய நைலான் குழாயைப் பொருத்தி, தகட்டுச் சுவரில் ரப்பர் வளையத்தின் வழியாக உள்ளே இழுத்தேன். அரைமணி நேர வேலை.

பைரோமீட்டருக்குத்தான் மனத்திடம் வேண்டியிருந்தது. டர்போவுக்கு முன்னால், வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் துளையிட வேண்டும். டர்போவுக்குப் பின்னால் வைத்தால் வேலை சுலபம், ஆபத்தில்லை. ஆனால் வாயு தன் வெப்பத்தில் ஒரு பங்கை டர்போவைச் சுழற்றச் செலவிட்டுவிட்டு வருவதால் அங்கே கிடைக்கும் எண் குறைவாக இருக்கும். பளுவில் இருநூறு முந்நூறு டிகிரிவரை குறையலாம். முன்னால் துளையிட்டாலோ இரும்புத்தூள் உள்ளே விழலாம். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் சக்கரத்தின் இதழ்களில் ஒரு துணுக்கு பட்டாலும் போதும், டர்போ போய்விடும். நல்ல இன்ஜினில் நாமே ஓட்டை போடுவதா என்று இரண்டு நாள் தள்ளிப்போட்டேன்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக்காரர் தம் டிரில்லோடு வந்து நின்றார். ஆனால் கையில் எடுக்கவில்லை. உன் வண்டி, நீயே போடு என்றார். முனையில் கிரீஸ் தடவி, சிறிய துளையிலிருந்து தொடங்கி, படிப்படியாகப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் நிறுத்தி, கிரீஸில் ஒட்டிய தூளைத் துடைத்தேன். கடைசி மெல்லிய ஏடு உடையும் நேரத்தில் அவர் இன்ஜினை ஓடவிடச் சொன்னார். முனை உள்ளே இறங்கியதும் புகை சீறிக்கொண்டு வந்து தூளை வெளியே தள்ளியது. என் சட்டைக் கை முழுக்கக் கரி. பிறகு இன்ஜினை நிறுத்தி, டேப்பால் மரை வெட்டி, காந்தக் குச்சியை விட்டுத் துழாவினேன். மயிரிழை போன்ற இரண்டு துணுக்குகள் வந்தன. மூன்றாம் முறை எதுவும் வரவில்லை. ஐந்தாம் முறையும் துழாவினேன். போதும் என்றார்.

அந்தத் துளையில் அமர்வது தெர்மோகப்பிள் என்னும் சிறு கம்பி. இரண்டு வேறு உலோகக் கலவைகள் நுனியில் ஒட்டப்பட்டிருக்கும். ஒன்றில் நிக்கலும் குரோமியமும், மற்றதில் நிக்கலும் அலுமினியமும். சந்திக்கும் இடம் சூடானால் மிகச் சிறிய மின்னழுத்தம் பிறக்கிறது. ஒரு டிகிரி செல்சியஸுக்கு சுமார் 40 மைக்ரோவோல்ட். 1821-இல் சீபெக் கண்டது இது. கம்பி நீளமாக இருக்கிறதே என்று நறுக்கப் போனேன். முதியவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கம்பியின் நீளத்தையும் கணக்கில் வைத்துத்தான் இந்த மானி செய்யப்பட்டிருக்கிறது, நறுக்கினாலோ நடுவில் சாதாரணச் செம்புக்கம்பி ஒட்டினாலோ எண் தவறாகிவிடும் என்றார். மிச்சத்தைச் சுருட்டி டாஷ்போர்டுக்குள் கட்டிவைத்தேன்.

இன்ஜினை உயிர்ப்பித்ததும் முள் மெல்ல எழுந்து 350-இல் நின்றது. மிதியைத் தொட்டேன், உடனே நகர்ந்தது. விட்டேன், இறங்கியது. அந்த வண்டியை ஒரு வருடமாக ஓட்டியிருந்தேன். என் கால் செய்வதற்கு அது ஒவ்வொரு கணமும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன்.

அந்த மாதக் கடைசியில் அதே ஏற்றம், அதே சுமை. மூன்றாவது மைலில் முள் 1,200-ஐத் தாண்டியது. ஐந்தாவது கியரில் அதே பழைய உறுமல். காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 1,300. நான்காவது கியருக்கு இறக்கினேன். சுற்று கூடியது, டர்போ அதிகக் காற்றைத் தள்ளியது. மிதியைச் சற்றுத் தளர்த்தினேன். முள் 1,150-க்கு வந்து நின்றது. வேகம் 35 மைல். பின்னால் வந்தவர்கள் ஒலியெழுப்பிக் கடந்து போனார்கள். பழைய முள் வழக்கம்போல் நடுவில்தான் இருந்தது. ஜூலையில் இந்த இடத்தில் எத்தனை இருந்திருக்கும்? 1,400? அதற்கும் மேலா? இனி அதை அறிய வழியில்லை. கண்ணாடியில் மகளைப் பார்த்தேன். இம்முறை விழித்திருந்தாள். ஏன் மெதுவாகப் போகிறோம் என்று கேட்டாள்.

2023 பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவுக்கு ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக்கொண்டு போனேன். பாதத்தைத் தினமும் பார்ப்பதற்குக் கைப்பிடி வைத்த ஒரு கண்ணாடியும். தம் காலை அவர் எனக்குக் காட்ட விரும்பவில்லை. வேட்டியால் மூடிக்கொண்டு, வண்டியைப் பற்றிக் கேட்டார். மானி பொருத்தியதை விவரமாகச் சொன்னேன். இன்ஜின் ஓடும்போதே ஓட்டை போட்டதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தண்ணி எத்தன டிகிரி ஓடும்?"

"எண்பத்தெட்டு, தொண்ணூறு."

"அது கை பொறுக்காதே," என்றார் கவலையோடு.

இந்தக் காலத்து இன்ஜின்கள் அந்தச் சூட்டில் ஓடுவதற்காகவே செய்யப்பட்டவை என்றேன். நம்பினாரா தெரியவில்லை. விரலில் ஊசி குத்தியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிறு திரையில் 241 என்று வந்தது. வெறும் வயிற்றில்.

"உன் வண்டிக்கு ஓட்ட போட்ட மாதிரி எனக்கும் போட்டுட்ட," என்றார். அம்மா சிரித்தாள். அவரும் சிரித்தார். பிறகு அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி இருக்கிறீர்கள் என்று நான் கேட்பதில்லை. எண்ணைக் கேட்கிறேன். சிலசமயம் சொல்கிறார். சிலசமயம் பட்டை தீர்ந்துவிட்டது என்கிறார். அக்காவிடம் விசாரித்தால் தீரவில்லை என்று தெரியவருகிறது. பூஸ்ட் மானியின் விளக்கு மட்டும் போன மாதத்திலிருந்து எரியவில்லை. தூணின் மூடியைக் கழற்றிப் பார்க்கவேண்டும்.