கொள்ளைநோயும் கணக்கேடும்

கொள்ளைநோய் பரவுங்காலத்து மருந்தினும் முந்தி வேண்டப்படுவது செய்தியே என்பது நமது துணிபு. யாருக்கு, எவ்விடத்தில், எந்நாளில் நோய் கண்டது என்றறியாத அரசாங்கம் இருளில் வழி தேடுவோனை ஒக்கும். அச்செய்தியோ ஓரிடத்தில் இருப்பதன்று. ஒரு கூறு சர்க்கார் ஏடுகளிலும், மற்றொரு கூறு தனியார் கையிலுமாகச் சிதறிக் கிடக்கும்.

1854-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வாந்திபேதி மூண்டபோது நிகழ்ந்ததை ஈண்டு நினைவுகூர்தல் தகும். அந்நகரின் தென்பகுதியில் தனியார் கம்பெனிகள் இரண்டு, பல தெருக்களில் அடுத்தடுத்த வீடுகளுக்குத் தண்ணீர் வழங்கி வந்தன. லாம்பெத் கம்பெனி 1852-இல் தான் நீர் முகக்குமிடத்தைத் தேம்ஸ் நதியின் மேற்பகுதிக்கு மாற்றிக்கொண்டது. சதர்க்-வாக்ஸால் கம்பெனியோ நகரக் கழிவு கலந்த நீரையே முகந்தது. ஜான் ஸ்நோ என்னும் வைத்தியர் சர்க்கார் உத்தியோகம் வகித்தவரல்லர். ஆயினும் இறந்தோரின் வீட்டு விலாசங்களைப் பதிவு அலுவலகம் அவருக்கு அளித்தது. கம்பெனிகள் நீர் வழங்கிய வீடுகளின் தொகை பார்லிமெண்டுக்கு அவை கொடுத்த கணக்கால் தெரிந்தது. இரண்டையும் ஒருங்கு வைத்தபோது, முதல் ஏழு வாரங்களில் 10,000 வீடுகளுக்குச் சதர்க் நீரால் 315 மரணங்களும், லாம்பெத் நீரால் 37 மரணங்களுமே நேர்ந்தமை வெளிப்பட்டது. அலுவலகத்தில் கணக்கெழுதிய வில்லியம் பார், கெட்ட காற்றே நோய்க்குக் காரணமென அந்நாளில் நம்பியவர். எனினும் தம் கொள்கைக்கு மாறாகக்கூடிய கணக்கை அவர் ஒளித்தாரில்லை. இப்பெருந்தன்மை நம்மைப் பெரிதும் கவர்கின்றது.

இனி இதன் மறுபுறத்தையும் யாம் கண்டதுண்டு. 2020-இல் நமது தெருவில் ஒரு வீட்டின் வாயிலில் நோயறிவிப்புத் தாள் ஒட்டப்பட்டது. அவ்வீட்டார் நலமுற்ற பின்னும் பால்காரர் அங்குச் செல்ல அஞ்சினார். அதனைக் கண்ட அயலார் சிலர் தமக்குக் காய்ச்சல் வந்தபோது பரிசோதனைக்குச் செல்லாது மறைத்துக்கொண்டனர். அவ்வாண்டு டிசம்பரில், தகுந்த அதிகாரியின் ஆணையின்றி இத்தகைய தாள்களை ஒட்டலாகாதென உச்ச நீதிமன்றம் கூறியது. நோயாளியை நாணச் செய்தால் கணக்கேடும் பொய்யாகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ஆராய்வோன் கைக்கு விலாசமும் வேண்டும். அயலான் கண்ணுக்கு அது வேண்டுவதில்லை. ஆதலின் சர்க்காரும் தனியாரும் தத்தம் ஏடுகளை ஒருவர்க்கொருவர் திறந்து காட்டுக. யார் எதனைப் பார்க்கலாம், எதுவரை வைத்திருக்கலாம் என்பதை நோய் வருமுன்னரே வரையறுத்து வைக்குக. நோயாளி நம்பி உரைத்த சொல்லே அவ்வேடுகளின் முதலாதலின், அதனைக் காப்பது அறமும் ஆகும், அறிவுடைமையும் ஆகும்.