வரி கட்டாதவர்கள்

போன சனிக்கிழமை ஒஸ்லோவில் ஒரு பிறந்தநாள் வீடு. 2025 தேர்தல் முடிந்தும் இங்கே சொத்துவரிச் சண்டை ஓயவில்லை. எங்கள் மேசைக்கும் அது வந்தது. எதிரே இருந்தவருக்கு இரண்டு வீடுகள். "அண்ணை, இஞ்ச எங்களை உரிக்கிறாங்கள். ஊரில ஒருத்தரும் வரி கட்டுறேல்லை, நிம்மதியா இருக்கினம்" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

என் அக்கா பருத்தித்துறையில் தையல் வேலை செய்கிறா. அவவுக்கு வருமான வரிக் கோப்பு கிடையாது. ஆனால் 2024 ஜனவரியில் இலங்கையில் வற் (பெறுமதி சேர் வரி) 18 வீதமானபோது, அதுவரை விலக்கிருந்த சமையல் எரிவாயுவும் பெட்ரோலும் டீசலும் அந்த வலைக்குள் வந்தன. வற் சேர்ந்த பொருளை 118 ரூபாவுக்கு வாங்கினால் 18 ரூபா அரசுக்கு. கொழும்பில் மாதம் பத்து லட்சம் உழைப்பவர் பாதியை வங்கியில் போடலாம். அந்தப் பாதியை வற் தொடாது. அக்கா உழைப்பது அத்தனையும் கடைக்குப் போகிறது. 2019 டிசம்பரில் வற்றை 15இலிருந்து 8ஆக இறக்கினார்கள், ஆண்டுக்கு 30 லட்சம் வரை வருமான வரி இல்லை என்றார்கள். 2022இல் நாடு கடன் கட்ட முடியாமல் விழுந்தது. தையல்காரிக்கு 30 லட்சம் விலக்கால் ஒரு சதமும் கிடைக்கவில்லை. பள்ளத்தை நிரப்ப மட்டும் அவவையும் கூப்பிட்டார்கள்.

நோர்வேயிலும் வற் உண்டு, அதுவும் பொதுவாக 25 வீதம், உணவுக்கு 15. ஆனால் பால் வாங்கினாலும் கடைத் துண்டின் அடியில் வரி எவ்வளவு என்று தனியாக அடித்துத் தருகிறார்கள். இந்த நாட்டில் எனக்கு மிகப் பிடித்தது இந்த வெளிச்சம்தான். ஒவ்வோர் ஆண்டும் வரிப் பட்டியல் வெளிவரும். யார் எவ்வளவு உழைத்தார், எவ்வளவு சொத்து, எவ்வளவு வரி என்று அமைச்சரையும் பார்க்கலாம், முதலாளியையும் பார்க்கலாம். 2014 முதல் பார்த்தவர் யாரென்று பார்க்கப்பட்டவருக்கும் தெரியும். அதுவும் நியாயம்தான். எங்கள் நாட்டில் ஓர் அரசியல்வாதியின் கணக்கை ஒரு மீனவர் இப்படித் திறந்து பார்க்க முடிந்தால் எத்தனை மேடைப் பேச்சுகள் அடங்கும்!

அந்தச் சொத்துவரியும் உரிப்பல்ல. 2024இல் கடன் கழித்து 17 லட்சம் குரோணருக்கு மேல் போனால்தான் வரி, அதுவும் ஒரு வீதத்தை ஒட்டி. குடியிருக்கும் வீட்டின் சந்தை விலையில், ஒரு கோடி குரோணர் வரை, காற்பங்கையே கணக்கில் எடுத்தார்கள். மேசையில் எதிரே இருந்தவருக்கு நோவது முழு விலைக்கு எடுக்கப்படும் இரண்டாவது வீடு. 2022இல் நோர்வேப் பெரும் செல்வந்தர் ஷெல்-இங்கே ரொக்கே சுவிஸின் லுகானோவுக்குப் போனதை அவர் எடுத்துக்காட்டினார். சுவிஸ் மாநிலங்களிலும் சொத்துவரி இருக்கிறது என்பதை அவர் கேள்விப்பட்டிருக்கவில்லை.

இங்கேயும் அநியாயம் இருக்கிறது. 2022 முடியும்வரை எவ்வளவு விலையுயர்ந்த மின்சாரக் காருக்கும் வற் இல்லை. ஒஸ்லோவுக்குள் நுழையும் வீதிக் கட்டணம் அந்தக் காருக்குக் குறைவு. அலுவலகம் துப்புரவாக்கப் போகும் எங்கள் பெண்களின் பழைய டீசல் காருக்கோ கூட. இதைப் பற்றி அந்த மேசையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

அவரும் நானும் ஊரில் சம்பளம் கட்டாமல் பட்டம்வரை படித்தவர்கள். 1945இல் வந்த இலவசக் கல்வி அது. அந்தச் செலவைச் சுமந்தது தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களின் உழைப்பும், துணியிலும் சவர்க்காரத்திலும் ஒளிந்திருந்த வரியும். அப்படிப்பட்ட ஊரைப் பார்த்து வரி கட்டாத ஊர் என்று சொல்ல அவருக்கு எப்படி நா எழுந்தது?

ஞாயிறு அக்காவுக்கு எடுத்து, "நீங்கள் வரி கட்டுறனீங்களோ?" என்று கேட்டேன்.

"எனக்கென்னடா வரி? நானென்ன முதலாளியோ?"

காஸ் வாங்கிய துண்டை எடுத்துப் பார்க்கச் சொன்னேன். கடையில் துண்டு தருவதில்லையாம்.