நாற்காலி கிடைத்தது, கோப்பு?

பேராவூரணி கடைமடை. ஆற்றுத் தண்ணீர் எங்களுக்குக் கடைசியாக வரும். மழைவெள்ளம் மட்டும் எங்கள் காலனிக்கு முதலில் வரும். அதனால்தான் வடிகாலை மறித்து ஒரு கட்டடத்துக்கு வானம் தோண்டியபோது பதறிப்போனோம்.

வார்டு கவுன்சிலர் அக்காவிடம் ஓடினோம். 2022 பிப்ரவரி 19 தேர்தலில், ஒதுக்கீட்டு வார்டில் வென்றவர். "எனக்கே இப்பத்தாம்பா தெரியும்" என்றார். அனுமதி அதிகாரியின் மேசையிலேயே முடிந்திருந்தது.

இங்கிலாந்தில் பல உள்ளாட்சி மன்றங்களில் வேறு வழி உண்டு. கவுன்சிலர் ஒருவர் குறித்த நாட்களுக்குள் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால், விண்ணப்பம் அதிகாரியிடமிருந்து கவுன்சிலர்களின் திட்டக் குழுவுக்குப் போகும். விவாதம் மக்கள் முன்னால் நடக்கும். வேண்டாதவர் என்று மறுக்க முடியாது. வடிகால், பாதை, நெரிசல் போன்ற திட்டக் காரணம் வேண்டும்.

இங்கே? 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் வீடு என்றால் சுயசான்றே போதும். வீடு கட்டும் ஏழைக்கு அலைச்சல் மிச்சம், வரவேற்கிறோம். ஆனால் பக்கத்துத் தெருவின் வடிகாலை யார் பார்ப்பது?

அக்கா எங்கள் மனுவை மன்றக் கூட்டத்தில் வாசித்தார். தீர்மானப் புத்தகத்தில் ஏறியது. பிறகுதான் அளக்க வந்தார்கள். சுவர் தள்ளிப்போனது, வடிகால் பிழைத்தது.

தோழர்களே, அக்காவுக்கு நாற்காலியை 74ஆவது சட்டத்திருத்தம் உறுதிசெய்தது. கோப்பு அந்த நாற்காலிக்கு வர நாம்தான் கேட்க வேண்டும். இந்த மாதம் வந்த கட்டட விண்ணப்பங்களின் பட்டியலை மன்றத்தில் வைக்கச் சொல்லி, உங்கள் கவுன்சிலரிடம் இன்றே எழுதிக் கொடுங்கள். வானம் தோண்டும்வரை காத்திருக்காதீர்கள்.